நாலு ஸ்டென்ட்டுக்கு அப்புறம் ஒரு ஆபரேஷன்

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. நாள்பட்ட கணைய அழற்சி என்றதும் டாக்டர் முதல் பெரிய மாமா வரைக்கும் அதைத்தான் முதலில் கேட்டார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குடிக்காதவர்களுக்கும் சின்ன வயதிலேயே கணையத்தில் கல் வருவது கேரளாவிலும் நம் பக்கத்திலும் ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்தான்.

மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை போகும் வலி. தலையணையை மடியில் அணைத்துக் குனிந்து உட்கார்ந்தே பல இரவுகள் போயின. ஸ்கேனில் கணையக் குழாய் வீங்கியிருந்தது, தலைப்பகுதியில் 9 மி.மீ. கல். வாய் வழியாக எண்டோஸ்கோபி செய்யலாம் என்றார்கள், கத்தி படாது என்றதும் வேறெதுவும் கேட்காமல் தலையாட்டிவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

5 மி.மீ.க்கு மேல் கல் இருந்தால் அப்படியே இழுக்க வராதாம். அதிர்வலை கொடுத்து மூன்று நாள் உடைத்தார்கள், பிறகு கணையக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழல். அது அடைத்துக்கொள்ளும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பட்டினி, மயக்க மருந்து, லீவு, பில். ஒருமுறை மாற்றிய கையோடு அழற்சி கிளம்பி ஆறு நாள் படுக்கை. மாற்றினால் இரண்டு மாதம் நிம்மதி, அப்புறம் பழையபடி டிரமடால் என்ற வலி மாத்திரை.

நாலாவது ஸ்டென்ட்டுக்குப் பிறகு வேறு ஊரில் ஒரு சர்ஜனைப் பார்த்தேன். 2007இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வைச் சொன்னார்: 39 பேர்தான், ஆனால் இரண்டு வருட முடிவில் ஆபரேஷன் செய்தவர்களில் 75 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது, எண்டோஸ்கோபியில் 32. 2020இல் வந்த இன்னொரு டச்சு ஆய்விலும், 88 பேர், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் சராசரியாக வலி குறைவு. கல் முழுசாக வெளியேறிவிட்டால் எண்டோஸ்கோபியே போதும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனக்கு வெளியேறவில்லை, அவ்வளவுதான். வலியை வருஷக்கணக்கில் வளரவிட்டால் நரம்பே அதற்குப் பழகி, பிறகு கல்லை எடுத்தாலும் வலி போகாமல் போகலாம் என்றாரே, அதில்தான் பயந்தேன்.

ஃபிரே ஆபரேஷன். கணையத் தலையைக் குடைந்தெடுத்து, குழாயை நீளவாக்கில் திறந்து சிறுகுடலோடு தைத்துவிடுவார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. முதல் மூன்று நாள், ஏன் ஒத்துக்கொண்டோம் என்றிருந்தது, இருமினால் உயிர் போகும்.

இப்போது ஒன்றரை வருடம். வலி மாத்திரை இல்லை. சர்க்கரை வந்துவிட்டது, இன்சுலின் போடுகிறேன். கணையம் ஏற்கெனவே கெட்டதை ஆபரேஷன் திருப்பித் தராது. சாப்பாடு செரிக்க அதோடு என்சைம் கேப்ஸ்யூல் வேண்டும். போன வாரக் கல்யாணப் பந்தியில் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்ததும் பெரிய மாமா கேட்டார், "இன்னும் அதை விடலையா மாப்ளே?"