செவலையோட 13 முட்டை

பிப்ரவரி 2, ராத்திரி

வச்சாச்சு. செவலைக் கோழியோட 13 முட்டை, பல்பு போட்ட தெர்மாகோல் பொட்டில, சாயங்காலம் 6.20க்கு. எல்லாத்துலயும் பென்சில்ல நம்பர், ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், பாப்பாதான் போட்டா. 1, 2, 3 எல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல ஆனது, ஒரு வாரம் தாண்டுனாலே பொரிக்கிறது கொறையும்னு தெரியும், இருந்தாலும் அதை மட்டும் தனியா எடுத்து ஆம்லேட் போட மனசு வரல. 13தான் கடைசி. அதை எடுக்கறப்போ கூடைல வைக்கோல் இன்னும் சூடா இருந்துச்சு.

பிப்ரவரி 3

பொட்டிக்குள்ள சூடு 37.6. 37.5. 37.7. 37.6.

பிப்ரவரி 4

அம்மிச்சி போன் பண்ணுச்சு. ஒத்தப்படைல வச்சியா கண்ணுன்னு மொதல் கேள்வி. அப்பறம் கரித்துண்டு, இரும்பு, வரமொளகா மூணும் போட்டியான்னு. இடி இடிச்சா கூமுட்டை ஆயிருமாம். கூடைல தவிடு போட்டு அடை வச்ச காலத்துல அது செஞ்சதுதான், தெர்மாகோல் பொட்டிக்கு என்னத்துக்குங்க அம்மிச்சின்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல. போனை வச்சதும் ஒரு ஆணி எடுத்து பொட்டி மேல வச்சேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 6

இன்னைக்கு நடந்ததை எழுதவே கை வரமாட்டேங்குது. காலைல 5.30க்கு முட்டைய திருப்பி வச்சுட்டு துணி ஊற வைக்கப் போனேன், திரும்பி வர்றப்போ 7.15, டிஸ்பிளேல 37.4ன்னுதான் இருக்கு, சரின்னு போயிருப்பேன், என்னமோ தோணி குனிஞ்சு முட்டை நடுவுல வச்ச கண்ணாடி தெர்மாமீட்டரைப் பாத்தா 40.2. சென்சார் வயர் நழுவி காத்து வர்ற ஓட்டைகிட்ட கெடக்கு, அதுக்கு குளிருது, அதனால பல்பு அணையவே இல்ல. மூடிய தொறந்து விசிறி விட்டேன். கம்மி சூட்டைக்கூட கரு தாங்கும், கோழியே தீவனத்துக்கு எந்திரிச்சு போயிட்டு வருது, ஆனா அதிக சூடுன்னா கொஞ்ச நேரம் போதும். எத்தனை நேரம் 40ல இருந்துச்சு? பத்து நிமிசமா, ஒண்ணே முக்கா மணி நேரமுமா? எகிப்துல அந்தக் காலத்துல மண் அடுப்பு கட்டி ஆயிரக்கணக்குல பொரிக்க வச்சவங்க முட்டைய கண்ணு இமை மேல வச்சு சூடு பாப்பாங்களாம். நானும் 13ஐ எடுத்து இமைல வச்சேன். சூடு தெரிஞ்சுது. அதுக்கு மேல என்ன தெரியணும்னு எனக்கு தெரியல.

செவலைக்கு வயரும் இல்ல ஒண்ணும் இல்ல.

பிப்ரவரி 7

வீடு மாத்தறதுக்கு இவரு ஆறு அட்டைப்பெட்டி வாங்கிட்டு வந்தாரு. வண்டி 22ந் தேதிக்கு சொல்லியாச்சாம். நான் விரல்ல எண்ணிப் பாத்தேன். 22ன்னா இருவதாவது நாள், பொரிக்க இன்னும் ஒரு நாள் பாக்கி.

பிப்ரவரி 9

ஏழாம் நாள். லைட்டெல்லாம் அணைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாத்தோம். 1, 2, 3 வெறும் மஞ்சளா தெரியுது, கரு இல்ல. 6ல ஒரு ரத்த வளையம், அது நின்னுபோச்சு, அன்னைக்கு சூட்டுலதான்னு நினைக்கிறேன், இல்லாமலும் இருக்கலாம். மத்த ஒம்போதும் இருக்கு. செலந்தி வலை மாதிரி செவப்பு நரம்பு, நடுவுல கறுப்பா ஒரு புள்ளி, அது ஆடுது. 13ல நல்லா ஆடுச்சு. பாப்பா மூச்சே விடல. அப்பறம் "கண்ணாம்மா அது?"ன்னு கேட்டா.

ஆமா, கண்ணுதான்.

பிப்ரவரி 12

பராமரிப்புக்காக கரண்ட் 9ல இருந்து 5 வரைக்கும் இல்ல. ரெண்டு பாட்டில் வெந்நீர், துண்டு சுத்தி, பொட்டி மேல ரெண்டு கம்பளி. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருக்கா தண்ணி மாத்துனேன். 35க்கு கீழ போகல. மத்தியானம் சாப்பிடல.

பிப்ரவரி 16

பதினாலாம் நாள். 9 நின்னுபோச்சு. எட்டு.

தபால் தராசுல வச்சுப் பாத்தேன், 13 மொதல்ல 38 கிராம், இப்ப 35. எடை கொறையணும், அப்பதான் மேல காத்துப்பை பெருசாகும், குஞ்சு மொத மூச்சு அதுலதான் விடும். கணக்கா கொறைஞ்சிருக்கு. சின்னதா இருந்தாலும் சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை கெட்டி.

பிப்ரவரி 17

சண்டை. கார்ல மடில வச்சு கொண்டுபோயிரலாம்கறாரு. ரோடு எப்படி இருக்கும்னு அவருக்கே தெரியும். பதினெட்டு நாளுக்கு மேல குஞ்சு மூக்கை காத்துப்பை பக்கம் திருப்பி ஒக்காந்திருக்கும், அதை எப்படிங்க குலுக்கறதுன்னு கேட்டேன். கோழி வேணும்னா நாமக்கல்ல வாங்கித் தர்றேன்னாரு. கோழி வேணும்னு நான் எப்பவும் கேக்கல.

திருப்பூர் வீடு ரெண்டாவது மாடி. கீழ பூரா சிமெண்ட். பொரிச்சா எல்லாம் அம்மிச்சிகிட்டதான் போகும், அது எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 18

கூடைய பேக் பண்ணல. பண்ண மாட்டேன்.

பிப்ரவரி 20

கடைசியா திருப்பி வச்சேன். இனிமே திருப்பக் கூடாது, தொறக்கக் கூடாது. ஈரப்பதம் இத்தனை நாள் 50, 55ல இருந்துச்சு, இப்ப ஸ்பாஞ்ச் நனைச்சு வச்சு 68. மீட்டர் சரியா காட்டுதான்னு முன்னாடியே உப்பை நனைச்சு மீட்டரோட கவர்ல போட்டு கட்டி வச்சுப் பாத்தேன், 75 காட்டணும், 73 காட்டுச்சு. அந்த ரெண்டை கூட்டிக்கணும்.

இவரு வந்து பக்கத்துல ஒக்காந்தாரு. "நீ இரு. நான் பாப்பாவ கூட்டிட்டு போறேன். வீட்டுக்காரர்கிட்ட 24 காலைல சாவி தர்றோம்னு சொல்லிட்டேன்"னாரு. ஒண்ணும் பேச வரல எனக்கு.

பிப்ரவரி 22

வண்டி போயிருச்சு. ஒரு பாய், ஒரு சொம்பு, பொட்டி, கூடை. சுவத்துல பீரோ இருந்த எடம் வெள்ளையா தெரியுது. இருமுனா எதிரொலிக்குது.

ராத்திரி 11.40. பொட்டில காதை வச்சேன். உள்ள இருந்து கீச்னு. ஓடு எதுவும் ஒடையல, உள்ளயே.

பிப்ரவரி 23

5, 8, 10, 11 நாலும் வந்திருச்சு. 8தான் மொதல், காலைல 6.05, ஈரமா, கழுத்து நிக்காம கெடந்துச்சு, இப்ப காய்ஞ்சு பஞ்சாயிருச்சு. 11 செவலை நெறம். மஞ்சக்கருவ வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டுதான் வெளிய வரும், ரெண்டு நாளைக்கு பசிக்காது, அதனால எடுக்க அவசரமில்ல. 4, 7, 12 சத்தமே இல்ல.

13 மத்தியானம் 2 மணிக்கு கொத்திருச்சு. ஆனா கூர்ப்பக்கம். காத்துப்பை இல்லாத பக்கம். தலை மாறி ஒக்காந்திருக்கு.

அம்மிச்சிகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "கை வைக்காத கண்ணு, சவ்வுல ரத்தம் ஓடிட்டு இருக்கும், உரிச்சா போயிரும்"னுச்சு. தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன்.

ராத்திரி 10. ஓட்டைல மூக்கு தெரியுது. மூச்சு விடறப்போ சவ்வு ஏறி எறங்குது. எண்ணிட்டே இருக்கேன்.

பிப்ரவரி 24

ஒன்றரைக்கு சத்தம் நின்னுச்சு. மூணேகாலுக்கு மறுபடி.

4.50. ஓட்டைல இருந்து ஒரு கோடு கால்வாசி சுத்தி வந்திருக்கு. வீட்டுக்காரர் 8 மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு.