அணிலுக்கும் ஓர் இலை

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கத்திலிருந்து கேட்டார்கள். பரிசளிப்பு, விளையாட்டுப் போட்டி எல்லாம் இருக்க, எனக்கு ஞாபகம் வந்தது ஒரு படம்தான். 1994 தைப்பொங்கலுக்கு வகுப்புச் சுவரில் ஒட்டவென்று நான் கீறிய நீர்வர்ணப் படம்.

1990 இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை; பொருளாதாரத் தடை வேறு. கொப்பிக்கே அலைந்த காலத்தில் வர்ணப்பெட்டிக்கு எங்கே போவது? அண்ணாவின் பழைய பெட்டியில் நீலமும் பச்சையும் கொஞ்சம் மண்ணிறமும் மிச்சம். மஞ்சளுக்குக் குசினியில் மஞ்சள்தூள் எடுத்தேன். சிவப்புக்கு, அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் சுண்ணாம்பு கிள்ளி அதே மஞ்சளில் குழைத்தேன். நல்ல சிவப்பு. காய்ந்தபின் பொருக்காக உதிர்ந்தது வேறு கதை.

முற்றத்தில் மூன்று கல், பொங்கி வழியும் பானை, இரண்டு பக்கமும் பந்தி. பட்டிப்பொங்கல் மறுநாள்தான், ஆனாலும் பசுவுக்குத்தான் முதலிடம். விரத நாளில் காகத்துக்கு வைக்காமல் எங்கள் வீட்டில் யார் சாப்பிட்டார்கள்? ஆகவே அடுத்தது காகம். பிறகு நாய், ஆடு, கீரி, கடைசியில் அணில். எல்லாருக்கும் வாழையிலையில் சர்க்கரைப் புக்கை.

கீரி புக்கை தின்னுமா என்று சித்திர ரீச்சர் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, எதிர்ப்பக்கம் இருக்கிறவைக்கு இலை மாறிக் கிடக்கு" என்றார். அப்போதுதான் பார்த்தேன். எல்லா இலைக்கும் நுனியை ஒரே பக்கமாக, படத்தின் இடப்பக்கமாகவே கீறியிருக்கிறேன். எங்களுக்கு முதுகு காட்டி இருந்தவர்களுக்கு அது சரி. எங்களைப் பார்த்து இருந்த ஆட்டுக்கும் கீரிக்கும் நுனி வலப்பக்கம் போய்விட்டது.

பென்சில் என்றால் அழிக்கலாம். ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தேன். பச்சை போகவில்லை, தாள்தான் நார்நாராக எழும்பியது. ஆட்டின் தாடியும் பச்சையாகிவிட்டது.

"விடும் தம்பி, அவைக்கு எங்கட முறை தெரியாதுதானே" என்று ரீச்சரே பசை பூசி ஒட்டினார்.

மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. மாசி முடியுமுன் புக்கை வெறும் வெள்ளைச் சோறாகிவிட்டது. சர்க்கரைக்கும் தடை வந்திட்டுது என்று பெடியள் சிரித்தார்கள்.

அப்புறம் 1995 ஒக்டோபர் 30. சண்டைக்குப் பயந்து ஊரோடு வெளிக்கிட்ட அந்த இரவில் படத்தை யார் நினைத்தார்கள்!

போன வருட ஒன்றுகூடலில் பழைய வகுப்புத் தோழன் ஒருவன், "அந்த அணிலைக் கீறித் தந்தது நான்தான்" என்று அடித்துச் சொன்னான். இருக்கலாம். நான் கீறியிருந்தால் முதுகில் மூன்று கோடும் அவ்வளவு நேராக விழுந்திருக்காது.