சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் சாவியை வாங்கினேன்

கார் நேற்று இரவு வீட்டுக்கு வந்துவிட்டது. இதை எழுதும்போது வாசலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. விலை பேசி முடித்த நாளுக்கும் சாவி கைக்கு வந்த நாளுக்கும் நடுவில் ஏழு வாரம் ஓடிவிட்டது. அந்த ஏழு வாரத்தில் காரால் ஆன தாமதம் ஒரே ஒரு நாள்தான். மீதியெல்லாம் ஒரு காகிதத்தாலும், என் வீட்டுச் சுவருக்குள் இருந்த ஒரு பழைய கம்பியாலும் ஆனவை. பழைய மின்சாரக் கார் வாங்கும் எண்ணத்தில் யாராவது இருந்தால் என் அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் பெட்ரோல் கார் போனது. திருவொற்றியூர் மேற்கில் எங்கள் தெருவுக்குள் வந்தது வெறும் மழைத் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த கறுப்புத் தண்ணீர். சீட் வரை ஏறி நின்றது. சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். வேலை அம்பத்தூரில். மாதவரம் வழியாகப் போய்வர தினமும் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில் மறுபடியும் அந்தக் கணக்கைத் தொடங்க மனம் வரவில்லை. புது மின்சாரக் காருக்குக் கையில் பணமும் இல்லை.

ஆதம்பாக்கத்தில் ஒரு தம்பி விற்றார். 2021 மார்ச்சில் வாங்கிய டாடா நெக்ஸான், 30.2 கிலோவாட் மணி பேட்டரி, 41,000 கிலோமீட்டர் ஓடியது, 7,20,000 ரூபாய். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் வாங்கிய நாளிலிருந்து எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி. அதாவது 2029 மார்ச் வரை எனக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சர்வீஸ் ரசீதுகளை ஒன்றுவிடாமல் வைத்திருந்தார். இந்தக் காரில் ஆசை விழுந்ததே அந்த ஃபைலைப் பார்த்துத்தான்.

வண்டியைப் பார்த்தபோது நான் முதலில் தேடியது தண்ணீர்த் தடம். மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிற பகுதிக்குப் பக்கத்து ஊர் அது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடுவார்கள், சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் விரலால் துடைத்துப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போல ஓடும் இரும்பில் துரு இருக்கிறதா, கார்ப்பெட்டின் பின்பக்கம் மோந்தால் வாடை வருகிறதா என்று பாருங்கள். ஒருமுறை வெள்ளத்தில் கார் கொடுத்தவனுக்கு அந்த வாடை மறக்காது. இந்த வண்டியில் அது இல்லை.

பேட்டரி ஆரோக்கிய அறிக்கையை சர்வீஸ் சென்டரில் எடுத்தோம், 91 சதவீதம் என்றது. அறிக்கை மட்டும் போதாது என்று பட்டது. முந்தின இரவே நூறு சதவீதம் ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டு, காலையில் ஏ.சி. போட்டபடி செங்கல்பட்டு வரை போய்த் திரும்பினோம். 90 கிலோமீட்டருக்கு 47 சதவீதம் இறங்கியது. முழு சார்ஜுக்கு 190 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். என் தேவைக்குத் தாராளம். 25,000 அட்வான்ஸ் கொடுத்தேன்.

இதுவரை எல்லாம் சுகம்.

மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை என் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். மனைவி பார்க்கட்டும் என்பதுதான் காரணமே தவிர, வேறு யோசனை இல்லை. வந்த தம்பி, "சார், அப்படியே உங்க சாக்கெட்ல போட்டுப் பார்த்துடலாமே" என்றார். ஏ.சி.க்குப் போடுவது போன்ற பெரிய சாக்கெட் வாசலில் இருக்கிறது. செருகினோம். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு. கழற்றிச் செருகினோம். மறுபடியும் சிவப்பு. சமையலறை சாக்கெட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். அங்கேயும் சிவப்பு.

எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கிவிடும் இணைப்பு, சரியில்லை. மின்சாரக் கார் இதில் விட்டுக்கொடுக்காது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் எர்த் இல்லாமலே வருடக்கணக்கில் ஓடிவிடும். கார் சார்ஜர் முதலில் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தையே உள்ளே விடும். 1994ல் அப்பா கட்டிய வீடு. எர்த் கம்பி என்னவானது என்று இத்தனை வருடத்தில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

தெருமுனையில் இருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். "அண்ணா, அஞ்சு நிமிஷ வேலை. சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்துட்டா சார்ஜர் ஏமாந்துடும், பச்சை எரியும்" என்றார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தும்விட்டார். எனக்கு மின்சாரம் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் 'ஏமாந்துடும்' என்ற அந்தச் சொல் உறுத்தியது. வேண்டாம் என்று சொல்லி, வந்ததற்கு இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன்.

தயவுசெய்து யாரும் இதைச் செய்ய விடாதீர்கள். எங்கள் பக்கம் இது சர்வசாதாரணமாக நடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்தத் துண்டு ஒயர் வழியாகக் காரின் உடம்பு முழுவதும் மின்சாரம் வந்து நிற்கும். மழை நாளில் ஈரக் காலோடு கதவைத் தொடுகிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். என் மகளுக்கு ஏழு வயது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் நண்பர் ஒருவர் மூலமாக ஒரு பெரியவர் வந்தார். 2017ல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு மீட்டரும், ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பும். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பல்பை வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார், இழை மட்டும் மங்கலாகச் சிவந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் 40 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது.

"தம்பி, பூமிக்குள்ள உங்க குழாயே இல்லைன்னு நினைக்கிறேன். தோண்டுங்க" என்றார்.

தோண்டினோம். அவர் சொன்னது சரி. இரண்டடி ஆழத்தில் இரும்புக் குழாய் துருவாக உதிர்ந்து கையோடு வந்தது. கடலோர உப்பு நிலத்தில் முப்பது வருடம் புதைந்து கிடந்தால் அப்படித்தான் ஆகும் என்றார். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் பழைய வீட்டில் இருப்பவர்கள் கார் வாங்காவிட்டாலும் ஒருமுறை இதைப் பார்த்துவிடுங்கள்.

செம்பு பூசிய புதுக் கம்பியைப் பத்தடி இறக்கி, குழியில் எர்த்திங் பவுடர் நிரப்பினார். மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர். அதற்கு, மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் துண்டிக்கும் எம்.சி.பி. ஒன்று தனியாக. 30 மில்லி ஆம்பியர் வெளியே கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும். சாக்கெட்டை மட்டும் மலிவாக வாங்கிவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். எட்டு ஒன்பது மணி நேரம் தொடர்ந்து பதினான்கு பதினைந்து ஆம்பியர் ஓடும்போது மட்டமான சாக்கெட் உருகிவிடுமாம். சாக்கெட்டைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் வைக்கச் சொன்னேன், 2023ல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே. எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். முன்பு 40ஐத் தாண்டிய அதே இடத்தில் கடைசியில் மீட்டர் 2 வோல்ட் காட்டியபோது பெரியவர் முகத்தில் வந்த திருப்தியை மறக்க மாட்டேன். இ.பி.யில் லோடு கூட்டும் விண்ணப்பத்தையும் அந்த வாரமே ஆன்லைனில் போட்டேன், அதில் சிக்கல் வரவில்லை.

வீடு தயாரானது. அடுத்த வேதனை காகிதம்.

அந்தத் தம்பி கடனில் வாங்கிய கார் அது. கடன் போன வருடமே முடிந்துவிட்டது, கடன் பாக்கி இல்லை என்று வங்கி தரும் கடிதமான என்.ஓ.சி.யும் கையில் இருந்தது. ஆனால் ஆர்.சி.யில் எச்.பி.யை, அதாவது வண்டி வங்கிக் கடனில் இருக்கிறது என்ற குறிப்பை, நீக்கவில்லை. நிறைய பேர் இப்படித்தான், கடைசித் தவணை கட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, எச்.பி. நீக்க 35, எல்லாம் கையெழுத்திட்டு இருவரும் அரை நாள் விடுப்பு போட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் என்.ஓ.சி.யின் கடைசி வரியில் விரல் வைத்தார். கொடுத்த தேதியிலிருந்து 90 நாள் மட்டுமே செல்லும் என்று பொடி எழுத்தில் இருந்தது. தேதி பத்து மாதம் பழையது. அவர் மேல் தப்பில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எம்.பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று நான் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. செலான் பாக்கி இருக்கிறதா என்று பார்த்த நான் இதைப் பார்க்கவில்லை.

புது என்.ஓ.சி.க்கு வங்கிக்குப் போனோம். கடன் கொடுத்த கிளை தராதாம், கடன் பிரிவு வேறு இடத்தில் இருக்கிறதாம். டோல்கேட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி அண்ணா சாலை பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று ஐந்து. "மூணு மணியோட டோக்கன் க்ளோஸ்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒருவர் சொன்னார். உள்ளே ஒரு ஆள்கூடக் காத்திருக்கவில்லை. அந்த நேரத்தை எழுதிய பலகையும் எங்கும் இல்லை. கெஞ்சிப் பார்த்தோம், நடக்கவில்லை. மறுநாள் காலை தம்பி மட்டும் போய் விண்ணப்பம் கொடுத்தார். பத்து வேலை நாள் ஆகும் என்றார்கள். பன்னிரண்டாவது நாள் கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தோடு மறுபடியும் ஆர்.டி.ஓ. அலுவலகம், மறுபடியும் விடுப்பு. சேசிஸ் எண்ணில் ஒரு 3, 8 ஆக இருந்தது! பதினேழு எழுத்தில் ஒன்று. அந்த வராந்தாவில் நின்றபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. பத்து வேலை நாள் எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பதினேழு எழுத்தை ஒருமுறை சரிபார்த்திருக்கலாம். திருத்திய கடிதத்துக்கு இன்னும் எட்டு நாள். வங்கியில் எந்தக் கடிதம் வாங்கினாலும் ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்த்து, சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண் இருக்கும் இடத்தில் உள்ள மோட்டார் எண்ணையும் அங்கேயே ஒப்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். மூன்றாவது முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இன்னொன்று. பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி. விற்பவரின் பதிவான செல்பேசி எண்ணுக்குத்தான் போகும். நல்லவேளை, அவர் எண்ணை மாற்றவில்லை. ஆர்.சி. இப்போது கையில் தருவதில்லை, விரைவுத் தபாலில்தான் வரும். அதனால் முகவரியில் கதவு எண்ணைக்கூடச் சரியாகக் கொடுங்கள். இன்சூரன்ஸை வண்டி கைமாறிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிவிட வேண்டும். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக விற்பவருக்குக் கிடைத்த தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) நமக்கு வராது, வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். மின்சாரக் காருக்குப் புகைச் சான்று தேவையில்லை.

எச்.பி. நீங்கி, பெயர் மாற்றம் ஏற்கப்பட்ட மறுநாள் காரை எடுக்க ஆதம்பாக்கம் போனேன். ஐந்து வாரமாக பேஸ்மென்ட்டில் அசையாமல் நின்ற வண்டி. சாவியை அமுக்கினால் கதவுகூடத் திறக்கவில்லை. எனக்குத் திக்கென்றது, 91 சதவீதம் எங்கே போனது என்று. பெரிய பேட்டரிக்கு ஒன்றுமில்லை. சாதாரண காரில் இருப்பது போன்ற சின்ன 12 வோல்ட் பேட்டரி இதிலும் உண்டு. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி எழாது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாவியால் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, பக்கத்து வீட்டுக்காரர் காரிலிருந்து அந்தச் சின்னப் பேட்டரிக்கு மட்டும் ஒயர் கொடுத்தோம். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக்கூடாது. எழுந்துகொண்டது. ஆனாலும் அதை நம்பி அவ்வளவு தூரம் ஓட்ட மனமில்லை. புது 12 வோல்ட் பேட்டரி போட்டு மறுநாள் மாலைதான் எடுத்தோம். செலவைத் தம்பியே ஏற்றுக்கொண்டார். நான் கேட்கவில்லை.

அங்கேயே செய்த வேலைகள்: இரண்டு சாவியையும் வாங்கினேன், சார்ஜர் பெட்டி டிக்கியில் இருக்கிறதா என்று பார்த்தேன், அவர் செல்பேசியில் இருந்த காரின் செயலியிலிருந்து வண்டியை என் முன்பே நீக்கச் சொன்னேன். அது இருக்கும்வரை வண்டி எங்கே நிற்கிறது என்பது பழைய உரிமையாளருக்குத் தெரியும். ஃபாஸ்டேக்கை அவர் மூட வேண்டும், நான் புதிது எடுக்க வேண்டும். மீதிப் பணத்தை அதற்குப் பிறகுதான் அனுப்பினேன்.

கரண்ட் பில் பற்றி மனைவி கேட்டதால் கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன். வேலைக்குப் போய்வர தினமும் ஆறு ஏழு யூனிட், இரண்டு மாத பில்லுக்கு ஏறக்குறைய 350 யூனிட். எங்கள் வீட்டுக்கு ஏற்கனவே 380 வருகிறது. 500ஐத் தாண்டினால் கணக்கிடும் விகிதமே மாறிவிடும், கார் யூனிட்டுக்கு மட்டுமல்ல, வீட்டு யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் கூடும். அப்படியும் பெட்ரோலுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

நேற்று இரவு பத்து மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வீடு சேர்ந்தபோது 61 சதவீதம் இருந்தது. புது சாக்கெட்டில் செருகினேன். நானும் மனைவியும் சார்ஜர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சை எரிந்தது. பெரியவருக்குப் போன் செய்து சொன்னேன். "சாக்கெட்டை ஒரு மணி நேரம் கழிச்சுத் தொட்டுப் பாருங்க தம்பி, சூடு இருந்தா நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க" என்றார். பதினோரு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்புதான்.