ஒன்றரை அடிச் சுவரும் கேட் 6 கேபிளும்

செங்கோட்டையில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. அப்போது ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956-ல் ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டது, சுவர் அப்படியே நிற்கிறது, ஒன்றரை அடி கனத்தில். தார்சாவில் (வீட்டின் முன்பகுதி) ரவுட்டர் வைத்தால் பட்டாசலில் (கூடம்) வைஃபை பாதி, அடுக்களையில் ஒன்றுமே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இந்தச் சுவரிடம் தோற்றுவிடுகிறது. வைஃபையின் இன்னொரு அலையான 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் வேகம் கிடைக்காது.

அதனால் இடம் நகராத சாமானுக்கெல்லாம் கேபிள், போனுக்கு மட்டும் வைஃபை என்று முடிவெடுத்தேன். 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் (ஒரு இணைப்பைப் பல சாமானுக்குப் பகிரும் பெட்டி, வேகம் 1 ஜி.பி.பி.எஸ்.), 30 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள், கேபிள் முனையில் பிளக் அடிக்கும் கிரிம்பிங் டூல், டெஸ்டர் வாங்கினேன். பைப் போட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி, "தம்பி, கரண்டு ஒயர் போற பைப்புல இத விட்டுராதீங்க, தனியா போட்டுருவோம்" என்றார். நல்ல வார்த்தை.

கிரிம்பிங்தான் இரண்டு நாளைத் தின்றது. கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் எட்டு ஒயரையும் ஜோடி ஜோடியாக ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று வரிசையாகச் சொருகினேன். இரண்டு முனையும் ஒரே மாதிரி. டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா விளக்கும் எரிந்தது. லேப்டாப்போ 100 எம்.பி.பி.எஸ். என்றே காட்டியது, அதுவும் அடிக்கடி அறுந்தது. தப்பு வரிசையில். பிளக்கில் 3-ம் இடத்து ஒயரும் 6-ம் இடத்து ஒயரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். முறுக்கிய ஜோடிதான் பக்கத்து ஒயரின் இரைச்சலைத் தடுக்கிறது. நான் பச்சையில் ஒன்றையும் நீலத்தில் ஒன்றையும் அங்கே சேர்த்திருந்தேன். சாதா டெஸ்டர் ஒயர் போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பார்க்கும், ஜோடியைப் பார்க்காது. சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் மறுபடி அடித்தேன். 1 ஜி.பி.பி.எஸ். வந்தது. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் லேசில் போகவில்லை.

அடுக்களையில் பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி, ஆக்கினேன். இரண்டுக்கும் 192.168.1.1 என்றே முகவரி இருந்ததால், பழையதை 192.168.1.2 ஆக மாற்றி, சாமான்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை லேன் போர்ட்டில் சொருகினேன். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு ரவுட்டரும் தனித்தனியாக முகவரி கொடுத்துக் குழப்பிவிடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. 2.4-ல் இரண்டும் மோதாமல் இருக்க சேனல் மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11.

தங்கச்சி கல்யாண வீடியோ 40 ஜி.பி. முன்பு இருந்த 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் காப்பி பண்ண ஒரு மணி நேரம் ஆகும். இப்போது ஏழு நிமிஷம். போன வாரம் சாரல் காற்றில் மரம் விழுந்து தெருவில் ஃபைபர் அறுந்தது. நெட் இல்லை. அம்மா பட்டாசலில் உட்கார்ந்து, லேப்டாப்பில் இருந்த அந்த வீடியோவை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் ஓடும் நெட்வொர்க்குக்கு வெளி இணைப்பு தேவையில்லையே.

மச்சுக்கு (மாடிக்கு) இன்னும் கேபிள் இழுக்கவில்லை. அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.