பியானோ டீச்சருக்காகத் தொடங்கிய சிகிச்சை

உடம்பைக் கையால் அழுத்திச் சீராக்கும் ரோல்ஃபிங் என்ற சிகிச்சை பற்றி யார் எழுதினாலும் அறுபதுகளின் கலிஃபோர்னியா, ஹிப்பிகள், வலி தாங்காமல் கத்தும் ஆட்கள் என்றே தொடங்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதை உருவாக்கிய ஐடா ரோல்ஃப் ஒரு உயிர்வேதியியல் விஞ்ஞானி. 1896இல் நியூயார்க்கில் பிறந்தவர், 1920இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஃபீபஸ் லெவீனோடு சேர்ந்து லெசித்தின் போன்ற கொழுப்புப் பொருள்களைப் பற்றி வரிசையாக ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். பெண்களை ஆய்வுக்கூடத்துக்குள் விடவே யோசித்த காலம் அது!

இதோடு யோகாவும் பழகினார். நியூயார்க்குக்குப் பக்கத்தில் நயாக் என்ற ஊரில் பியர் பெர்னார்ட் என்ற அமெரிக்கர் சொல்லிக்கொடுத்தார், அவரிடம்தான் கற்றுக்கொண்டார். எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் ஆஸ்டியோபதியும் கொஞ்சம் தெரியும்.

1940 வாக்கில் தன் பிள்ளைகளுக்குப் பியானோ டீச்சர் தேடியபோது, கீழே விழுந்து அடிபட்டதில் கையே தூக்க முடியாமல் பாடம் சொல்வதை நிறுத்திவிட்ட ஒரு பெண்ணைச் சந்தித்தார். உங்கள் கையை நான் சரிசெய்கிறேன், நீங்கள் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று ஒப்பந்தம். யோகாசனங்களை வைத்துத்தான் தொடங்கினார், சில அமர்வுகளில் அந்த டீச்சர் மறுபடி பியானோ முன் உட்கார்ந்துவிட்டார். பின்னாளில் ரோல்ஃபே சொன்ன கதை இது. அப்புறம் ஒருவர் மூலம் இன்னொருவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அவர் பிடித்துக்கொண்ட விஷயம் ஃபேசியா. ஆட்டுக்கறி கழுவும்போது தசையைப் போர்த்திக்கொண்டு வழுவழுவென்று ஒரு வெள்ளைச் சவ்வு இழுபடும் இல்லையா, அதேதான். நம் உடம்பில் ஒவ்வொரு தசையையும் சுற்றி, தலை முதல் கால் வரை அறுபடாமல் ஓடுகிறது. அடிபட்டாலோ வருடக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாலோ இந்தச் சவ்வு இறுகி உடம்பைக் கோணலாகவே பிடித்து வைக்கிறது, அதைக் கையால் தளர்த்தினால் புவியீர்ப்பு உடம்பை அழுத்தாமல் தாங்கும் என்பது அவர் வாதம்.

எண்ணெய் தேய்த்துவிடும் மசாஜ் இல்லை இது. விரல் முட்டியையோ முழங்கையையோ வைத்து, சவ்வு இளகும்வரை மெதுவாக ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே போவார்கள், நடுவில் கையைத் தூக்கு, முட்டியை மடக்கு என்று நம்மையும் அசையச் சொல்வார்கள். மொத்தம் 10 அமர்வுகள். முதலில் மார்பும் மூச்சும், இரண்டாவதில் பாதம், ஏழாவதில் தலையும் கழுத்தும் வரும், வாய்க்குள்ளேகூட விரல் வைப்பார்கள். கடைசி மூன்றும் எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க. வலி பற்றிய பேச்சு முழுப் பொய் இல்லை, ஆனால் இன்றைக்குப் பலர் எவ்வளவோ மென்மையாகச் செய்கிறார்கள்.

எசலன் என்ற பயிற்சி மையம் வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். கலிஃபோர்னியாவில் பிக் சர் கடற்கரையில் இருக்கும் அந்த மையத்தை 1962இல் டிக் பிரைஸோடு சேர்ந்து தொடங்கிய மைக்கேல் மர்ஃபி, அதற்குமுன் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியவர். நெஞ்சுவலியோடு இருந்த கெஸ்டால்ட் என்ற உளவியல் சிகிச்சையின் முன்னோடி ஃபிரிட்ஸ் பெர்ல்ஸுக்காக ரோல்ஃபை அங்கே கூப்பிட்டார்கள். ரோல்ஃபுக்கு அப்போது 70 வயதை ஒட்டி இருக்கும். ஸ்ட்ரக்சுரல் இன்டிக்ரேஷன் என்று அவர் வைத்த பெயர் போய் ரோல்ஃபிங் ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

சரி, உண்மையிலேயே வேலை செய்கிறதா? கொஞ்ச நேரம் உடம்பு லேசாகிறது, வலி குறைகிறது என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் பெரிய அளவிலான நல்ல ஆய்வுகள் குறைவு. ரத்தக்கட்டி, எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது. அழுத்தமும் சூடும் பட்டால் சவ்வு கூழ் மாதிரி இளகுகிறது என்ற ரோல்ஃபின் விளக்கமும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அதைக் கேள்வி கேட்டவர் வெளியாள் இல்லை. ரோல்ஃபிங் பயின்று, செய்து, சொல்லிக்கொடுத்த ராபர்ட் ஷ்லைப். கைக்கு அடியில் உடனே உணரும் மாற்றத்துக்கு நரம்பு மண்டலமே காரணமாக இருக்கலாம் என்று 2003இல் எழுதினார். 1979இல் ரோல்ஃப் இறந்துவிட்டார். 2007இல் பாஸ்டனில் ஃபேசியாவுக்கென்றே முதல் சர்வதேச ஆய்வு மாநாடு நடந்தபோது, அதை முன்னின்று நடத்தியவர்களில் ஷ்லைப்பும் ஒருவர்.