பத்து யுவான் மலை

காலையில் கப்பலின் மேல்தளத்தில் ஒரே கூட்டம். பாதிப்பேர் கையில் பத்து யுவான் தாள்.

தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குய்மென் மலைவாசல் எதிரே வந்துகொண்டிருந்தது. யாங்சே நதி சூதாங் பள்ளத்தாக்குக்குள் நுழையும் இடம். என் பக்கத்தில் நின்ற பாட்டி தாளை உயரத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, படத்து மலையை நிஜ மலையோடு பொருத்தினார். பொருந்தியதும் அப்படி ஒரு சிரிப்பு. படமெடுக்க வேண்டிய பேரன் அதற்குள் சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடிவிட்டான்.

என் கண் கரைக்குப் போனது.

பச்சை மலைக்கு அடியில் நீளமாக ஒரு மொட்டைப் பட்டை. மரமே இல்லை. மூன்று பள்ளத்தாக்கு அணையின் நீர்மட்டம் குளிர்காலத்தில் 175 மீட்டர் வரை ஏறும். வெள்ளத்துக்கு இடம் விட, மழைக்காலத்துக்கு முன் 145க்கு இறக்கிவிடுவார்கள். அந்த வித்தியாசம்தான் வெளியே தெரிகிறது.

அதற்கும் கீழே, அணைநீரில் மூழ்கிய பழைய ஊர்கள். இடம்பெயர்ந்தவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். வழிகாட்டியோ மின்சார உற்பத்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் வேலை அது.

முன்தினம் பார்த்த ஷிபாவ்சாயின் 12 அடுக்கு மரக்கோபுரத்துக்கு மட்டும் சுற்றிலும் தடுப்புச்சுவர் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். கோபுரத்துக்கு டிக்கெட் வாங்க ஆள் வருவார்கள். மூழ்கிய சந்தைத் தெருவுக்கு யார் வருவார்?

இச்சாங்கில் இறங்குவதற்கு முன் அணையையும் காட்டுவார்களாம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். இவ்வளவு முணுமுணுத்த நானும் முதல் வரிசையில்தான் நிற்பேன்.