பங்குக்குப் போகிறவருக்கு மாத வருமானம் எவ்வளவு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுப்பது எளிது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று, அவ்வளவுதானாம். எங்களைப் போன்ற பாம்பன் மீனவர்களுக்கு அந்த மூன்றாவதுதான் தலைவலி.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கிராம நிர்வாக அலுவலர் அப்பாவிடம் கேட்டார்: "மாதம் எவ்வளவு வரும் ஐயா?" அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்; மாதச் சம்பளம் கிடையாது, பிடித்த மீனில் கிடைக்கும் பங்குதான் கூலி. பாடு, அதாவது மீன், கிடைத்தால் காசு; இல்லையென்றால் டீசலும் ஐஸும் போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காற்றடித்தால் கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் கிடையாது. அம்மா கடல்பாசி எடுக்கப் போவதும் எல்லா நாளும் கிடையாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் இடம் கொடுக்கும் நாட்களில்தான். இதில் மாத வருமானத்தை எங்கே தேடுவது? அப்பா பதில் சொல்லாமல் நிற்க, நான்தான் தடைக்கால மாதங்களைக் கழித்து, ஆண்டுக் கணக்காகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பங்குத் தொழில் செய்கிறவர்கள் இப்படி ஆண்டுக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ராமநாதபுரம், பட்டணம்காத்தானில் இருக்கும் ஆட்சியர் அலுவலகம். காப்பீட்டுப் பிரிவில் குடும்பத்தினர் எல்லோரும் நேரில் வர வேண்டும் என்றார்கள். அங்கே அம்மாவின் கைரேகை பதியவே இல்லை. பாறைக்கும் பாசிக்கும் இடையில் விரலில் துணி சுற்றிக்கொண்டு இத்தனை ஆண்டு வேலை செய்த கையில் ரேகை எங்கிருந்து வரும்? துடைத்து, ஈரமாக்கி, அழுத்தி, ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கண்விழியைப் பதிந்தார்கள். கைரேகை விழாதவர்கள் மனம் தளர வேண்டாம், கண்ணைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

அட்டை வந்த சில மாதங்களில் அம்மாவுக்கு நெஞ்சுவலி. ராமநாதபுரத்தில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே திட்டத்தில் சேர்ந்த ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம், ஒரு ஸ்டென்ட். காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வருவதற்குள் முன்பணம் கட்டச் சொன்னார் வரவேற்பு மேசையில் இருந்தவர். கட்டணமில்லா எண்ணான 1800 425 3993-ஐ அழைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. அப்போது அங்கு அடிபணிந்து பணம் புரட்டியிருந்தால் வட்டிக்குத்தான் வாங்கியிருப்போம். எங்கள் ஊரில் சிகிச்சைக் கடன் பெரும்பாலும் படகு முதலாளியிடமிருந்து வரும் முன்பணம், அடைக்கும் வரை வேறு படகுக்குப் போக முடியாது.

மாநிலத்தில் 2009 முதல் உயிர்காக்கும் சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்த பிறகு இரண்டும் இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றானது. பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து லட்சத்தில் மதுரைக்குப் பிடித்த வாடகை வண்டி இல்லை, அம்மாவுடன் தங்கியவர்கள் சாப்பிட்ட சாப்பாடு இல்லை, அப்பா கடலுக்குப் போகாத நாட்களின் பங்கும் இல்லை. அனைவருக்கும் மருத்துவம் என்று சொல்லும்போது ராமேசுவரம் தீவிலிருந்து இதய மருத்துவரிடம் போய்ச்சேரும் தூரத்தையும் யாராவது கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன்.

ரத்த அழுத்த மாத்திரைக்கு இப்போது அலைச்சல் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். ஸ்டென்ட் வைத்ததற்கான மாத்திரைகளுக்கு மட்டும் ராமநாதபுரம் போகிறோம். தம்பிக்குத் திருமணமாகித் தனி ரேஷன் அட்டை வாங்கிவிட்டான். அவனுக்குப் புதிய காப்பீட்டு அட்டை எடுக்க வேண்டும். அவனும் பங்குக்குப் போகிறவன்தான். ஆண்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.